பழைய பேனல் மீட்டர்ல கடிகாரம்: முள்ளு வட்டமா சுத்தாதே, டைம் எப்படிப் பாக்கறது?

ஜூலை 4, காலை 9:12
(கேட்டவர் திருப்பூர் தம்பி)
அண்ணா, ஃபேக்டரி பேனல் போர்டுல கரண்ட், வோல்ட்டேஜ் காட்டற பழைய முள்ளு மீட்டர் ரெண்ட எடுத்து, ஒண்ணு மணி, ஒண்ணு நிமிஷம் காட்டற மாதிரி நீங்க பண்ணின க்ளாக் போட்டோ பாத்தேன். லுக் சூப்பர். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. மீட்டர் முள்ளு 90 டிகிரி போயிட்டு நின்னுடும், க்ளாக் மாதிரி வட்டமா சுத்தாது. அதுவும் 30, 40 வருஷப் பழசு, கரெக்டா காட்டுமா? 200 ரூவாய்க்கு செவுத்து கடிகாரம் கெடைக்கறப்ப இது வெறும் ஷோகேஸ் பொம்மைன்னு நான் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க.

ஜூலை 4, ராத்திரி 10:40
தப்பா எடுத்துக்க என்ன இருக்கு தம்பி. பாதி நீ சொல்றது சரிதான்.

மொதல்ல ஒண்ணு. டைம் வெச்சிருக்கறது மீட்டர் இல்ல. உள்ள டிஎஸ்3231ன்னு ஒரு டைம் சிப் (ஆர்டிசின்னு சொல்லுவாங்க) இருக்கு, வருஷத்துக்கு ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனாலே அதிகம். ஆர்டுயினோ நானோன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு அதுல இருந்து மணிய படிச்சு அதுக்கேத்த கரண்ட்ட மீட்டருக்கு அனுப்புது. மீட்டர் பாவம், எப்பவும் பண்ற வேலையத்தான் பண்ணுது, வர்ற கரண்ட்ட காட்டுது. 1 மில்லி ஆம்ப் மீட்டர்னா 5 வோல்ட்டுக்கு மொத்தம் 5 கே (5000 ஓம்) ரெசிஸ்டன்ஸ், அவ்ளோதான் சர்க்யூட்டு. 4.7கே ஒண்ணு, சீரிஸ்ல 1கே பிரீசெட் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) ஒண்ணு, முள்ளு ஃபுல் ஸ்கேல், அதாவது கடைசிக் கோட்டுக்கு வர்ற வரைக்கும் திருகிக்க வேண்டியது.

கரெக்டா காட்டுமான்னு கேட்டது நல்ல கேள்வி. டயல் மூலையில 1.5ன்னு சின்னதா ஒரு நம்பர் போட்டிருக்கும் பாரு, அது க்ளாஸ். ஃபுல் ஸ்கேல்ல ஒண்ணரை பர்சன்ட் வரைக்கும் தப்பு இருக்கலாம்னு அர்த்தம். நிமிஷ மீட்டர்ல 60க்கு ஒண்ணரை பர்சன்ட் 0.9 நிமிஷம், அது போகட்டும். மணி மீட்டர்ல 12 மணி நேரத்துக்கு ஒண்ணரை பர்சன்ட் போட்டா கிட்டத்தட்ட 11 நிமிஷம். அதனாலதான் ரெண்டு மீட்டர் வெக்கறது. மணி முள்ளு "நாலு"ன்னு சொன்னா போதும், மிச்சத்த நிமிஷ முள்ளு சொல்லிடும்.

ஜூலை 5, காலை 7:05
ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, ஏன் செகண்ட்ஸுக்கு மூணாவது மீட்டர் வெக்கலன்னு. நெட்ல பாத்தா எல்லாரும் மூணு வெச்சிருக்காங்க, வீடியோவுல பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவ முள்ளு மேல போயி பொத்துன்னு கீழ விழுது, ஒரு நாளைக்கு 1440 தடவ, வருஷத்துக்கு அஞ்சேகால் லட்சம் தடவ. உள்ள ஊசி முனை மாதிரி ஒரு பிவட்டு சின்ன கல்லு மேல நிக்குது, தலைமுடி தடிமன்ல ஒரு ஸ்பிரிங்கு. எதுக்கு அந்த தண்டனை. செகண்ட் பாத்து பஸ் புடிக்கறவன் யாரு நம்மள்ல.

ஜூலை 5, மத்தியானம் 1:30
"எங்க மில்லுல கழட்டிப் போட்ட 0-500 வோல்ட் மீட்டர் இருக்குங்க, இதுல பண்ணலாமா?"ன்னு ஒருத்தர்.

ஏனுங்க, அதோட டயல பாருங்க. கீழ் பக்கம் கோடெல்லாம் நெருங்கி, மேல போகப் போக அகலமா இருந்துச்சுன்னா அது மூவிங் அயர்ன், உள்ள இரும்புத் துண்டு நகர்ற டைப். கரண்ட்டோட ஸ்கொயருக்குத் தான் முள்ளு நகரும், பாதி கரண்ட் குடுத்தா கால்வாசிதான் எந்திரிக்கும். ஆர்டுயினோ காலு (பின்) குடுக்கற கரண்ட் அதுக்கு யானைப் பசிக்கு சோளப்பொரி. விட்டுடுங்க. டயல்ல குதிரை லாட காந்தம் படம் போட்டிருந்தா மூவிங் காயில் (காந்தத்துக்கு நடுவுல கம்பிச் சுருள் திரும்பற டைப்), அதுதான் நமக்கு வேணும். லாடத்தோட சேந்து டயோடு சிம்பளும் இருந்தா உள்ள ரெக்டிஃபையர் (ஏசிய டிசி ஆக்கறது) வெச்ச மூவிங் காயில், பின்னால கழட்டி அந்த ரெக்டிஃபையர் பிரிட்ஜையும் பெரிய ரெசிஸ்டரையும் எடுத்துட்டா வேலைக்கு ஆகும்.

கோயம்புத்தூர் பக்கம் இதுக்குக் கொடுத்து வெச்ச ஊரு. 1932ல பைக்காரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்தப்புறம் இங்க மில்லு மேல மில்லா வந்துச்சு, இப்ப மூடின மில்லோட பேனல் போர்டெல்லாம் உக்கடம் இரும்புக் கடையில எடைக்குக் கெடக்கு. அதுல ஏசி வோல்ட்மீட்டர், ஏசி ஆம்மீட்டர் தான் முக்காவாசி, எல்லாம் மூவிங் அயர்ன். நீங்க தேட வேண்டியது டிசி டிரைவ் பேனல், பேட்டரி சார்ஜர் பேனல். ஆர்பிஎம் மீட்டர் கெடச்சா கண்ண மூடிட்டு எடுங்க, டேக்கோ ஜெனரேட்டர்ல (சுத்தற வேகத்துக்கேத்த வோல்ட்டேஜ் குடுக்கற குட்டி ஜெனரேட்டர்) இருந்து வர்ற டிசி வோல்ட்டேஜத்தான் அது காட்டும், ஸ்கேல் மட்டும் ஆர்பிஎம்ல இருக்கும்.

ஜூலை 5, மத்தியானம் 1:52
மேல சொன்னதோட சேத்துக்கங்க. வாங்கறதுக்கு முன்னால மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சு செக் பண்ணாதீங்க, 50, 100 மைக்ரோ ஆம்ப் மீட்டரா இருந்தா முள்ளு அடிச்சு வளைஞ்சிரும். ஒண்ணரை வோல்ட் செல்லு, சீரிஸ்ல 100கே. அசைஞ்சா உசுரு இருக்கு.

ஜூலை 7, ராத்திரி 11:20
இது கொஞ்சம் நீளமா போகும், பரவால்ல.

சென்னையில இருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு, ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி பண்ணிட்டாராம், ராத்திரி கரெக்டா செட் பண்ணி வெச்சா காலையில ரெண்டு மூணு நிமிஷம் கம்மியா காட்டுதாம், ஆர்டிசி சிப்பு டூப்ளிகேட்டோன்னு சந்தேகமாம். நான் கேட்டது ஒரே கேள்வி. ராத்திரி லேப்டாப்புல சொருகியிருந்தீங்களா, காலையில மொபைல் சார்ஜரா? ஆமாங்கறாரு.

விஷயம் என்னன்னா, ஆர்டுயினோவோட பிடபிள்யூஎம் காலு (வேகமா ஆன் ஆஃப் பண்ணி கரண்ட்ட கூட்டிக் கொறைக்கறது) ஹை ஆகறப்ப என்ன வோல்ட்டேஜ் வரும்? போர்டுக்கு என்ன சப்ளை வருதோ அதே, லேப்டாப்புலயும் சார்ஜர்லயும் அது ஒண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது. நானோவுல யுஎஸ்பி வழியா குடுத்தா நடுவுல ஒரு டயோடு வேற இருக்கு, 5 வோல்ட் 4.7 ஆயிரும். அஞ்சுக்கு 4.7ன்னா 6 பர்சன்ட் கம்மி, ஐம்பத்தஞ்சாவது நிமிஷத்துல மூணு நிமிஷத்துக்கு மேல கீழ எறங்கி காட்டும். பத்தாவது நிமிஷத்துல பாத்தா வித்தியாசமே தெரியாது, அதான் ஆளக் குழப்புது. நீங்க பண்ணி வெச்சிருக்கறது கடிகாரம் இல்லீங்க, சார்ஜர் டெஸ்டர்.

இதுக்கு வழி, மீட்டருக்குப் போற வோல்ட்டேஜ் ரெகுலேட் ஆனதா இருக்கணும். ஈஎஸ்பி32ன்னு வைஃபை வெச்ச போர்டுன்னா 3.3 ரெகுலேட்டர் போர்டுலயே இருக்கு, பிரச்சனை முடிஞ்சுது, கூடவே வைஃபைல டைம் எடுத்துக்கலாம், 19800 செகண்ட் கூட்டினா நம்ம இந்திய நேரம், ஆர்டிசியே வேண்டாம். நானோதான் வேணும்னா 9 வோல்ட் அடாப்டர வின் காலுல குடுங்க, போர்டு ரெகுலேட்டர் அஞ்ச புடிச்சு வெச்சுக்கும்.

வெயிலுக்கு மாறுமான்னும் கேட்டாரு. காயில் செம்பு, டிகிரிக்கு 0.39 பர்சன்ட் ரெசிஸ்டன்ஸ் ஏறும்தான், ஆனா 5000 ஓம்ல காயிலோட பங்கு நூறு ஓம்னு வெச்சுக்கங்க, 20 டிகிரி ஏறினாலும் நிமிஷ முள்ளு ஆறு செகண்ட் கூட நகராது. சித்திரை வெயில் மேல பழி போடாதீங்க.

ஜூலை 8, காலை 6:50
"ஈபி மீட்டர்ல அலுமினிய தட்டு சுத்துமே, அத செகண்ட்ஸ் முள்ளா ஆக்கிட்டா?"

ஆக்கலாம். அப்புறம் ஈபில இருந்து ஆளு வருவாங்க, அவங்ககிட்ட மணி கேட்டுக்கலாம்.

ஜூலை 11, ராத்திரி 9:15
நேத்து சாயந்திரம் இங்க ஒண்ணரை மணி நேரம் கரண்ட் இல்ல. இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், கரண்ட் போனதும் ஞாபகம் வந்துருச்சு.

மீட்டர் க்ளாக்கோட உண்மையான வீக்னஸ் வட்டமா சுத்தாதது இல்ல தம்பி. கரண்ட் போனா ரெண்டு முள்ளும் ஜீரோவுல படுத்துக்கும். பன்னெண்டு மணிக்கும் ரெண்டு முள்ளும் ஜீரோவுலதான் இருக்கும். அப்ப இது பன்னெண்டா, பவர் கட்டா? சாதா கடிகாரம் நின்னா முள்ளு நகராம சும்மா நிக்கும், பொய்யின்னு கண்டுபுடிச்சரலாம். இது தைரியமா பன்னெண்டுன்னு சொல்லும்.

ஃபேக்டரில இன்ஸ்ட்ருமென்டேஷன் பாக்கறவங்களுக்கு இது பழைய கதை. பிரஷர், டெம்பரேச்சர் சிக்னலெல்லாம் 0ல இருந்து 20 மில்லி ஆம்ப் வராது, 4ல இருந்து 20தான் வரும். பிரஷர் ஜீரோன்னா 4 மில்லி ஆம்ப். நெஜமாவே 0 வந்துச்சுன்னா பிரஷர் இல்லைன்னு அர்த்தம் இல்ல, ஒயர் அறுந்து போச்சுன்னு அர்த்தம். லைவ் ஜீரோன்னு சொல்லுவாங்க. அதே ஐடியாவ இங்க எடுத்துக்கிட்டேன். ஸ்கேலோட கீழ பத்துல ஒரு பங்க ஒதுக்கிட்டு அதுக்கு மேல இருந்துதான் 0 நிமிஷம் ஆரம்பிக்கும். முள்ளு அதுக்குக் கீழ கெடந்தா கரண்ட் இல்ல, அவ்ளோதான், சந்தேகமே வேண்டாம்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. 59 முடிஞ்சு 0க்கு முள்ளு விழறப்ப கீழ ஸ்டாப்புல மோதாது, எடம் இருக்கு. நான் ப்ரோக்ராம்ல ரெண்டு மூணு செகண்ட் எடுத்து எறக்கறேன், அது வேற விஷயம்.

ஜூலை 12, காலை 8:20
நானே மாட்டிக்கிட்டேன். திருப்பூர் தம்பி புடிச்சுட்டான்: "பழைய டயல கலைக்காதீங்கன்னு போன மாசம் சொன்னீங்க. இப்ப கீழ பத்துல ஒரு பங்கு ஒதுக்குங்கறீங்க. டயல்ல 0 எங்க அச்சடிச்சிருக்கோ அங்கதானே முள்ளு படுக்கும், ரெண்டும் எப்படி நடக்கும்?"

புது ஸ்டிக்கர் டயல் போடறவங்களுக்குத்தான் பத்துல ஒரு பங்கு. பழைய டயல அப்படியே வெக்கணும்னா, முன்னால இருக்கற ஜீரோ அட்ஜஸ்ட் ஸ்க்ரூவ கீழ்ப்பக்கமா திருகுங்க. முள்ளு 0 கோட்டுக்குக் கீழ கொஞ்சம் எறங்கி ஸ்டாப்புல சாஞ்சுக்கும். அப்புறம் ப்ரோக்ராம்ல ஒரு சின்ன கரண்ட எப்பவும் குடுத்து 0 கோட்டுக்குத் தூக்கி வெச்சுக்க வேண்டியது. ரெண்டு மூணு டிகிரி கெடச்சா போதும். சில மீட்டர்ல ஸ்டாப்பு 0வ ஒட்டியே இருக்கும், அதுக்கு இது சரிப்படாது. அதுல ஒரு சின்ன எல்இடி வெச்சு டயலுக்கு வெளிச்சம் குடுத்துடுங்க, வெளிச்சம் இல்லைன்னா கரண்ட் இல்ல.

ஜூலை 15, ராத்திரி 10:05
டயல் பத்தி தனியா எழுதுங்கன்னு கேட்டதால. என்னைக் கேட்டா இந்த வேலையில முக்கியமான முடிவே இதுதான், சர்க்யூட்டு அரை நாள் சமாச்சாரம்.

எல்லாரும் பண்றது, டயல் தகட்ட கழட்டி ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல 1ல இருந்து 12 போட்டு ஸ்டிக்கர் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஒட்டறது. நல்லா இருக்கும், படிக்கவும் ஈஸி. ஆனா அந்த பழைய மஞ்சள் ஏறின வெள்ளை, கையால வரைஞ்ச மாதிரி எழுத்து, மூலையில சின்னச் சின்ன சிம்பள், "75 மில்லி வோல்ட்"ங்கற வரி, இதெல்லாம் போயிரும். அப்புறம் அது எந்த மீட்டரா இருந்தா என்ன. அதுக்கு நான் சொல்றது, டயல மாத்தறதுக்கு முன்னால நம்பர் ஒத்து வர்ற மீட்டரா தேடுங்க. 0-60 ஆம்ப் டிசி மீட்டர் சார்ஜர் பேனல்ல வரும், நிமிஷத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 0-15 வோல்ட்ல மணி 12 வரைக்கும் போகும், மேல மூணு சும்மா கெடந்துட்டுப் போகட்டும். 0-30 வோல்ட்ல 24 மணி நேரமும் வரும். அந்த 60 ஆம்ப் மீட்டருக்கு வெளிய பெரிய ஷன்ட் (கரண்ட்ல பெரும்பகுதிய தன் வழியா விடறது) பித்தளைக் கட்டை ஒண்ணு இருந்திருக்கும், அது நமக்கு வேண்டாம், மீட்டர் மட்டும் 75 மில்லி வோல்ட்டுக்கு ஃபுல் ஸ்கேல் போகும். எத்தன மில்லி ஆம்ப் எடுக்குதுன்னு செல்லு, 10கே பாட் (இதுவும் திருகி மாத்தற ரெசிஸ்டர்தான்), பாதுகாப்புக்கு ஒரு 220 ஓம், மல்டிமீட்டர் எல்லாம் சீரிஸ்ல போட்டு அளந்துக்கங்க, அதுக்கப்புறம் ரெசிஸ்டர் கணக்கு.

தெறக்கறதுன்னா சுத்தமான மேசை. கீழ செய்தித்தாள், இரும்புத் தூள் ஒரு துளி இருந்தாலும் காந்தம் இழுத்து காயில் இடுக்குல போட்டுக்கும், அப்புறம் முள்ளு ஒரே எடத்துல சிக்கிச் சிக்கி நிக்கும். தெறந்த மீட்டர ஊதாதீங்க. மூடின பிறகு முள்ளு கண்ணாடி பக்கமா இழுத்துட்டு நின்னா பயப்படாதீங்க, பிளாஸ்டிக் மூடிய துணியால தேச்சதுல ஸ்டேட்டிக் ஏறியிருக்கும், பாத்திரம் கழுவற லிக்விட தண்ணில கலந்து ஈரத் துணியால லேசா தொடச்சா போயிரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இத மட்டும் சீரியஸா எடுத்துக்கங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான மீட்டர், மிலிட்டரி மீட்டர் கையில கெடச்சு, முள்ளுலயும் நம்பர்லயும் பழுப்பு கலர்ல தடிமனா பெயின்ட் இருந்தா தெறக்காதீங்க. ரேடியம். ராத்திரி மின்னலையேன்னு நம்பிடாதீங்க, மின்னற பவுடர்தான் செத்துப் போயிருக்கும், ரேடியத்தோட பாதி ஆயுசே 1600 வருஷம். உதிர்ந்த தூசி மூக்குல, வாயில போறதுதான் பெரிய ஆபத்து.

ஜூலை 15, ராத்திரி 10:31
"இந்த மூவிங் காயில் மீட்டர மொதல்ல யாரு கண்டுபுடிச்சாங்க"ன்னு கேட்டவருக்கு: பிரான்ஸ்ல டார்சன்வால், 1882. அவரோடதுல ஆய்வகத்துல கண்ணாடித் துண்டு வெச்சு வெளிச்சத்த அசைச்சுப் பாக்கணும். அமெரிக்காவுல வெஸ்டன்ங்கறவரு 1888 வாக்குல முள்ளு, ஸ்பிரிங்கு, நெரந்தர காந்தம்னு கையில தூக்கற மாதிரி ஆக்கினாரு. உங்க கையில இருக்கறது அதேதான், பெருசா ஒண்ணும் மாறல.

ஜூலை 20, காலை 11:00
இப்ப கொஞ்சம் தடம் மாறறேன். 0-60 மீட்டர் ஒண்ணு மிச்சம் கெடந்துச்சு, ரெண்டாவது மீட்டர் இல்ல. ஒரே மீட்டர்ல க்ளாக் பண்ண முடியுமான்னு யோசிச்சேன். ஐரோப்பாவுல ஆரம்ப காலத்து கடிகாரமெல்லாம் மணி முள்ளு மட்டும் வெச்சுத்தான் ஓடுச்சு, நிமிஷ முள்ளு பரவினதே 1600கள் கடைசியில, பெண்டுலம் வந்ததுக்கப்புறம். சரி நாமளும் ஒத்த முள்ளுல ஓட்டலாம்னா 60ங்கற நம்பர மணிக்கு எப்படி ஒப்பேத்தறது?

எங்கம்மா பஞ்சாங்கம் பாத்துட்டிருந்தாங்க. அதுல திதி எத்தன நாழிகைக்கு முடியுதுன்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு எத்தன நாழிகை? 60! ஒரு நாழிகை 24 நிமிஷம். சூரிய உதயத்துல 0, மறுநாள் உதயத்துல 60. டயல்ல ஒரு கோடு கூட மாத்த வேண்டாம், "ஆம்பியர்ஸ்"னு எழுதியிருக்கறது அப்படியே இருக்கட்டும்.

உதயம் ஆறு மணின்னு வெச்சா காலை பத்து மணிக்கு முள்ளு 10, மத்தியானம் 15, சாயங்காலம் ஆறுக்கு சரியா நடுவுல 30. ஒரு சாமம் ஏழரை நாழிகை. ராகு காலம் மூணே முக்கால் நாழிகை. ராத்திரி எட்டு மணிக்கு முள்ளு 35ல நிக்குது. வீட்ல இப்ப "முப்பத்தஞ்சு ஆம்ப் ஆச்சு, சாப்பிட வர்றீங்களா இல்லையா"ன்னு கூப்பிடறாங்க.

ஜூலை 21, காலை 7:40
நெறைய பேரு புடிச்சுக்கிட்டாங்க, சந்தோஷம். "உதயம் தெனமும் ஆறா?"ன்னு கேட்டிருக்காரு ஒரு வாத்தியார். இல்லீங்க. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குக்கு கணக்குப் போட்டது, கோயம்புத்தூர் 77 பக்கம். டிகிரிக்கு நாலு நிமிஷம், அப்ப நம்ம ஊரு உச்சி வெயில் சராசரியா 12:22க்குத்தான். உதயமும் அதுக்கேத்த மாதிரி தள்ளிப் போகும், மாசா மாசம் வேற மாறும். நான் மாசத்துக்கு ஒரு உதய நேரம் போட்டு சின்ன டேபிள் வெச்சிருக்கேன். ஒரு நாழிகையே 24 நிமிஷம், இதுல அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆனா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. முகூர்த்தத்துக்கு மட்டும் இத நம்பாதீங்க.

ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கு: 8 பிட் பிடபிள்யூஎம்ல 255 படி, 1440 நிமிஷத்த அதுல பிரிச்சா ஒரு படி 5.6 நிமிஷம், முள்ளு தத்தித் தத்திப் போறது உத்துப் பாத்தா தெரியும். நானோவோட 9, 10ஆம் காலு டைமர்1ங்கற உள் டைமர்ல இருக்கு, அத 10 பிட்டுக்கு மாத்திக்கிட்டா வழுக்கிட்டுப் போகும்.

ஆகஸ்ட் 2, ராத்திரி 11:45
மணி முள்ளு பத்தி என் கருத்து இப்ப மாறியிருக்கு. ஆரம்பத்துல ஒவ்வொரு மணிக்கும் ஒரு தாவு தாவி அங்கயே நிக்கற மாதிரி வெச்சிருந்தேன், 4னா 4, தெளிவா இருக்கும்னு. இப்ப கொஞ்சம் கொஞ்சமா நகர விட்டிருக்கேன். காரணம், தூரத்துல இருந்து பாக்கறப்ப நிமிஷ மீட்டர் எழுத்து தெரியாது, மணி முள்ளு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல எங்க நிக்குதுன்னு பாத்தாலே கதை புரிஞ்சிரும். தாவற முள்ளுல 4:55ம் 4:05ம் ஒண்ணுதான். படிக்கற ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேட்டா தாவறதுதான் புடிக்குதுங்கறாங்க, டிஜிட்டல் பழக்கம்.

இன்னொண்ணு, ராத்திரி அமைதியா இருக்கறப்ப மீட்டர்ல இருந்து கொசு சத்தம் மாதிரி வருதுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. அது 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம். முள்ளு அந்த வேகத்துக்கு ஆடாது, அதனால கப்பாசிட்டர் இல்லாமயே ஸ்டெடியா நிக்கும், ஆனா காயில் லேசா பாடும். சீரிஸ் ரெசிஸ்டர ரெண்டா பிரிச்சு நடுவுல இருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ ஃபாரட் ஒண்ணு போடுங்க, ப்ளஸ் மைனஸ் பாத்து.

டிஎஸ்3231 நீல மாடியூல் வாங்கினவங்க கவனிங்க, அதுல சார்ஜிங் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கு, ரீசார்ஜ் ஆகற செல்லுக்காக. நீங்க சாதா 2032 காயின் செல்லு போடறதா இருந்தா அந்த ரெசிஸ்டர கழட்டிட்டுப் போடுங்க, இல்லைன்னா சார்ஜ் ஆகக் கூடாத செல்ல சார்ஜ் பண்ணிட்டே இருக்கும், உப்பிக்கும்.

ஆகஸ்ட் 9, சாயந்திரம் 5:10
திருப்பூர் தம்பி ஆர்பிஎம் மீட்டர் ஒண்ணு புடிச்சுட்டானாம், 0-1500. "இதுல என்னண்ணா பண்றது, 1440 நிமிஷம் இதுலயே அடங்குதே"ங்கறான். பொம்மைன்னு சொன்ன ஆளு. பண்ணு தம்பி, நட்ட நடு ராத்திரி 0, மத்தியானம் 720, படிக்கறதுக்கு மட்டும் மனக்கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

என்கிட்ட 0-30 வோல்ட் மூவிங் காயில் ஒண்ணு சும்மா கெடக்கு, கண்ணாடில மூலையில ஒரு கீறல், மத்தபடி நல்லா ஓடுது. வேணுங்கறவங்க சொல்லுங்க, கூரியர் காசு மட்டும் போதும். பின்னால டெர்மினல் ரெண்டையும் ஒரு செம்புக் கம்பியால சேத்துக் கட்டித்தான் அனுப்புவேன், வழியில குலுங்கறப்ப முள்ளு ஆடாம அதுவே பிரேக் புடிச்சுக்கும். வந்ததும் மொதல்ல அந்தக் கம்பிய எடுங்க, எடுக்காம சர்க்யூட்ல மாட்டிட்டு முள்ளு அசையலன்னு எனக்கு போன் பண்ணாதீங்க.